ஷேக்ஸ்பியருக்கு வழுக்கையைப் பற்றிக் கவலை

1552 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரில் ஹென்லி தெருவாசிகள் மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் அபராதம் போட்டார்கள். தெருவிலேயே சாணக் குப்பையைக் குவித்து வைத்தது குற்றம். மூவரில் ஒருவர் ஜான் ஷேக்ஸ்பியர், கையுறை செய்து விற்கிறவர். அவர் அந்த ஊரில் வாழ்ந்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்றே இந்த அபராதம்தான். மகாகவி என்று உலகம் கொண்டாடும் மகன் பிறக்க இன்னும் 12 வருஷம் இருந்தது.

ஷேக்ஸ்பியரைப் பற்றிய பிபிசி நகைச்சுவைத் தொடரான 'அப்ஸ்டார்ட் க்ரோ'வில் இந்த ஜானாக வருபவர் ஹேரி என்ஃபீல்ட். வாயைத் திறந்தால் வயிறு, கழிவறை, கடன், கள்ள வியாபாரம். ஆனால் மனசு முழுக்க ஆசை ஒன்றுதான்: ஊரில் தன்னைக் கனவான் என்று மதிக்க வேண்டும், வீட்டுக்கென்று ஒரு குலச்சின்னம் வேண்டும். பார்க்கிறவர்களுக்கு இது மலிவான காமெடியாகத் தெரியலாம். ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டினால் தொடரை எழுதிய பென் எல்டன் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்யவில்லை என்று தெரியும். ஜான் 1568இல் ஊர்த் தலைவராகவே இருந்தவர். பிறகு அதிக வட்டிக்குக் கடன் கொடுத்ததாகவும் அனுமதியில்லாமல் கம்பளி வியாபாரம் செய்ததாகவும் அவர்மேல் வழக்குகள் வந்தன. 1576க்குப் பிறகு நகரசபைக் கூட்டங்களுக்கே போவதில்லை. 1592இல் தேவாலயத்துக்கு வராதவர்கள் பட்டியல் ஒன்றில் அவர் பெயர் இருக்கிறது. கடன்காரர்கள் வழக்குப் போட்டுப் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் வருவதில்லை என்று பக்கத்தில் காரணமும் எழுதியிருக்கிறார்கள். தொடரின் கதை ஆரம்பிப்பதும் அதே 1592இல்தான்.

இந்தத் தொடரை நான் விரும்பியதற்கு இதுதான் காரணம். மேலே தெரிவது அசட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் தோண்டினால், அநேகமாக ஒவ்வொரு தடவையும் 400 வருஷத்துப் பழைய காகிதம் ஒன்று கையில் தட்டுப்படும்.

2016 ஏப்ரல் 23 அன்று ஷேக்ஸ்பியர் இறந்து 400 ஆண்டுகள் நிறைந்தன. பிபிசி அந்த வருஷம் அவருக்குப் பெரிதாக விழா எடுத்தது. எல்லோரும் மாலையோடு நின்ற அந்த நேரத்தில், மே 9 அன்று பிபிசி டூவில் இந்தத் தொடர் வந்தது. வில் ஷேக்ஸ்பியராக டேவிட் மிட்செல். 2016, 2017, 2018 என்று மூன்று சீசன்கள், ஒவ்வொன்றிலும் ஆறு எபிசோடுகள். அதோடு 2017, 2018, 2020இல் மூன்று கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகள். ஆக மொத்தம் 21.

கதை மூன்று இடங்களில் மாறி மாறி நடக்கும். ஸ்ட்ராட்ஃபோர்டு வீட்டில் மனைவி ஆன், மூத்த மகள் சுசன்னா, அப்பா, அம்மா. லண்டன் குடித்தன வீட்டில் வேலைக்காரன் பாட்டம், வீட்டுக்கார அம்மாவின் மகள் கேட். நாடகக் கொட்டகையில் நடிகர்கள் பர்பேஜ், கான்டெல், கெம்ப். நம் கதாநாயகனோ தன்னைப் பற்றி மகா கர்வம் உள்ளவர். ஆனால் யார் என்ன சொன்னாலும் மனசு புண்பட்டுவிடும். முன்நெற்றி ஏறிக்கொண்டே போவது அவருக்குத் தீராத வருத்தம். அது வழுக்கை இல்லை, மூளை பெரிது, அதனால் நெற்றி அகலம் என்று சாதிப்பார். 1623இல் வந்த முதல் தொகுப்பு நூலின் முகப்பில் மார்ட்டின் ட்ரோஷௌட் செதுக்கிய அந்தப் பிரபலமான படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்குவாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று தெரியும்.

எல்டனைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1986இல் ரிச்சர்ட் கர்டிஸோடு சேர்ந்து எலிசபெத் காலத்தில் நடக்கும் 'பிளாக்கேடர்' நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் சீசனை எழுதியவர் அவர். இது பலருக்கும் தெரியும். அவருடைய பெரியப்பா யார் என்பது அவ்வளவாகத் தெரியாது. சர் ஜெஃப்ரி எல்டன், கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியர், எலிசபெத் ராணியின் வம்சமான டியூடர்களின் ஆட்சியைப் பற்றி எழுதியவர்களில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்புள்ளி. ஆவணம் இல்லாமல் வரலாறு இல்லை என்று கடைசிவரை பிடிவாதமாக நின்றவர். பெரியப்பா டியூடர் காகிதங்களில் ஆயுளைக் கழித்தார். தம்பி மகன் அதே காலத்தை எடுத்து வயிற்றுப்போக்கு ஜோக் எழுதினார். ஆனால் காகிதத்தை மதிக்கிற பழக்கம் மட்டும் குடும்பத்தில் எங்கேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தொடரின் பெயரே, 'திடீர்க் காகம்', ஒரு வசவுதான். ராபர்ட் கிரீன் என்ற நாடகாசிரியர் 1592 செப்டம்பர் 3 அன்று லண்டனில் ஒரு செருப்புத் தைப்பவர் வீட்டில் வறுமையில் செத்துப்போனார். ஊறவைத்த ஹெர்ரிங் மீனையும் ஜெர்மானிய ஒயினையும் அளவுக்கு மீறித் தின்று குடித்ததுதான் வினையானது என்று அப்போதே பேச்சு. அவர் இறந்த சில நாட்களில் அவர் பெயரில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அதில் சக எழுத்தாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நம் இறகுகளைச் சூடிக்கொண்டு ஒரு திடீர்க் காகம் திரிகிறது, நடிகன் தோலுக்குள் புலி நெஞ்சை ஒளித்து வைத்திருக்கிறது, உங்களில் சிறந்தவனுக்குச் சமமாகத் தன்னாலும் செய்யுளை முழங்க முடியும் என்று நினைக்கிறது, இந்த நாட்டிலேயே மேடையை அதிரவைப்பவன் தான் ஒருவன்தான் என்று அதற்கு நினைப்பு. மேடையை அதிரவைப்பவன் என்ற இடத்தில் கிரீன் போட்ட சொல் 'ஷேக்-சீன்'. யாரைச் சொல்கிறார் என்பதில் யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. அந்தப் புலி நெஞ்சும் ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' மூன்றாம் பாகத்தில் வரும் வரியைத் திருப்பிப் போட்டதுதான்.

லண்டன் நாடக உலகில் ஷேக்ஸ்பியர் இருந்ததற்கு முதல் சான்று இந்த வசவு. அவருடைய இரட்டைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் ஆன 1585இலிருந்து இதுவரைக்குமான ஏழு வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்பதற்கு உருப்படியான தடயம் இல்லை. ஊரில் முதல் பதிவு அப்பாவின் குப்பைமேடு, தலைநகரில் முதல் பதிவு ஒரு பொறாமைக்காரரின் சாபம். இப்படிப்பட்ட வாழ்க்கையை வைத்து நகைச்சுவைத் தொடர் எடுக்காமல் வேறென்ன எடுப்பது?

தொடரில் கிரீன் சாகவில்லை. சீசனுக்குச் சீசன் உயிரோடு வந்து வில்லுக்குக் குழி தோண்டுகிறார். மார்க் ஹீப் அந்த வேடத்தில் பல்லைக் கடித்துப் பேசும் ஒவ்வொரு வார்த்தையிலும் பல்கலைக்கழகப் பட்டத்தின் திமிர் சொட்டும். நிஜ கிரீன் கேம்பிரிட்ஜில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். வில்லோ ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு நின்றவர். நேற்றைய மழையில் முளைத்த காளான் என்பார்களே, கிரீனின் கோபம் அந்த ரகம். எல்டன் இதைத்தான் பிடித்துக்கொண்டார். தொடர் முழுக்க ஓடும் சண்டை கவிதையைப் பற்றியதே இல்லை. எந்தக் காலேஜில் படித்தாய், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதைப் பற்றியது.

கிரீனின் குற்றச்சாட்டில் உண்மை உண்டா? கொஞ்சம் உண்டு. இது தொடரில் வருவதைவிடவும் சுவையான சங்கதி. கிரீன் 1588இல் 'பண்டோஸ்டோ' என்று உரைநடையில் ஒரு கதை எழுதியிருந்தார். அவர் செத்து ஏறக்குறைய 18 வருஷம் கழித்து, ஷேக்ஸ்பியர் தன் கடைசிக் கால நாடகங்களில் ஒன்றான 'குளிர்காலக் கதை'யை எழுதியபோது எடுத்துக்கொண்ட மூலக்கதை அதுவேதான். காகம் இறகைத் திருடுகிறது என்று கத்தியவரிடமிருந்தே காகம் ஒரு முழு வாலை உருவிக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லோரிடமும் எடுத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் இந்த ஒன்றில் வேண்டுமென்றே செய்த குறும்பு இருந்திருக்கும் என்று நம்பத்தான் எனக்கு ஆசை.

இறகுத் திருட்டை எல்டன் தலைகீழாகவும் ஆடிக் காட்டுகிறார். அங்கேதான் அந்தக் காலத்து இன்னொரு நாடகாசிரியர் கிட் மார்லோ வருகிறார். டிம் டௌனி நடித்த மார்லோ அழகன், உளவாளி, பேச்சில் மயக்கி வேலை வாங்குகிறவன், வரி எழுத வராது. டாக்டர் ஃபாஸ்டஸ் உட்பட மார்லோவின் நாடகங்களை எல்லாம் நட்புக்காக எழுதிக்கொடுக்கும் ஏமாளி வில்தான். நூறாண்டுக்கு மேலாக ஒரு கூட்டம் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியது மார்லோதான் என்று சொல்லிவருகிறது. 1593 மே 30 அன்று டெப்ட்ஃபோர்டில் இங்கிராம் ஃபிரைசர் என்பவனின் கத்தி கண்ணுக்குமேல் பாய்ந்து மார்லோ இறந்ததாக விசாரணை அறிக்கை இருக்கிறது. அது நாடகம், அவர் தப்பியோடி ஷேக்ஸ்பியர் பெயரில் எழுதினார் என்பது இவர்கள் கட்சி. எல்டன் வாதாடவில்லை. அப்படியே புரட்டிப்போட்டுவிட்டார்.

இதில் காலம் செய்த வேடிக்கை ஒன்றும் உண்டு. முதல் சீசன் ஒளிபரப்பான அதே 2016இல், அக்டோபரில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. 'ஆறாம் ஹென்றி'யின் மூன்று பாகங்களுக்கும் கூட்டாசிரியராக மார்லோவின் பெயரைப் போட்டது அந்தப் பதிப்பு. அந்தப் புலி நெஞ்சு வரி வரும் நாடகமும் இதில் ஒன்று. எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யார் இறகு யாரிடம் என்ற பழைய பஞ்சாயத்து, சிட்காம் ஓடிக்கொண்டிருந்த வருஷத்திலேயே மறுபடி கூடியது.

இருவரும் 1564இல் பிறந்தவர்கள், இரண்டே மாத இடைவெளியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மார்லோவின் அப்பா கேன்டர்பரியில் செருப்புத் தைத்தவர், வில்லின் அப்பா கையுறை தைத்தவர். வித்தியாசம், மார்லோ கேம்பிரிட்ஜுக்குப் போனார். கையுறைக்காரன் மகன் எப்படி இதையெல்லாம் எழுதியிருக்க முடியும் என்று கேட்பவர்கள் செருப்புக்காரன் மகனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு பட்டம் போதும் போலிருக்கிறது. 1920இல் ஜே. தாமஸ் லூனி என்ற பள்ளி ஆசிரியர், ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வியர்தான் உண்மையான ஆசிரியர் என்று புத்தகம் போட்டார். அந்தப் பிரபு 1604இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது அந்தக் கட்சியின் உற்சாகத்தைக் குறைக்கவில்லை. இந்தச் சந்தேகங்கள் எல்லாவற்றின் அடியிலும் இருப்பது வர்க்கத் திமிர் என்பது எல்டனின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அதனால்தான் ஸ்ட்ராட்ஃபோர்டு வீடு இந்தத் தொடருக்கு முக்கியம். அங்கே ஆனும் சுசன்னாவும் பேசுவது பர்மிங்காம் பக்கத்துக் கொச்சை. மிட்செலோ படித்தவர் ஆங்கிலம் பேசுவார். மெத்தப் படித்த பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வீட்டில் நடக்குமே ஒரு கிண்டல், அது எல்லா எபிசோடிலும் நடக்கும். ஆனாக வரும் லைசா டார்பக் எனக்குத் தொடரிலேயே மிகவும் பிடித்தவர். எழுதப் படிக்கத் தெரியாத மனைவி என்று வைத்துக்கொண்டு அவளை முட்டாளாக்கவில்லை. கதையில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்கிறவளே அவள்தான். 1582 நவம்பரில் கல்யாணம் ஆனபோது வில்லுக்கு 18 வயது, ஆனுக்கு 26. அடுத்த மே மாதமே சுசன்னாவுக்கு ஞானஸ்நானம். மாதத்தை எண்ணிப் பார்க்க ஸ்ட்ராட்ஃபோர்டு ஊருக்கும் தெரிந்திருக்கும்.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது. 1592இல் நிஜ சுசன்னாவுக்கு ஒன்பது வயது. தொடரில் ஹெலன் மாங்க்ஸ் நடிக்கும் சுசன்னாவோ பெரியவர்கள் எதைச் சொன்னாலும் கண்ணை உருட்டும் பதின்வயதுப் பெண். இந்தப் பிசகை நான் சந்தோஷமாக மன்னிப்பேன். ஜூலியட்டின் வசனத்தை எழுதிவிட்டு, அதே வயதில் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்று வில் அவளைப் படிக்கச் சொல்கிறார். எந்தப் பெண்ணும் இப்படிப் பேச மாட்டாள் என்று அவள் சலித்துக்கொள்ளும் அந்தக் காட்சிக்கு ஒன்பது வயசு போதாது.

எபிசோடு முடிகிற நேரத்தில் வில்லும் ஆனும் கணப்பின் முன்னால் உட்கார்ந்து ஆளுக்கொரு மண் குழாயில் புகை பிடித்தபடி நடந்ததைப் பேசுவார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் எங்குமே புகையிலை பற்றிய பேச்சு கிடையாது. லண்டனே புகைந்துகொண்டிருந்த காலத்தில், உலகத்தில் உள்ள அத்தனையையும் பற்றி எழுதிய மனிதர் அதை மட்டும் தொடவில்லை.

ஊருக்கும் லண்டனுக்கும் இடையே ஏறக்குறைய 160 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் வில் வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து வரி பயணப் புலம்பல்தான்: வண்டி தாமதம், காரணம் சொல்லவில்லை, உட்கார இடமில்லை, பக்கத்தில் இருந்தவன் நாற்றமடிக்கும் எதையோ தின்றான். இன்றைய பிரிட்டன் ரயில்களைப் பற்றிய நையாண்டி இது. 1590களில் அப்படிப்பட்ட பயணிகள் வண்டியே கிடையாது. முறையான தடத்தில் ஓடும் வண்டிகள் அடுத்த நூற்றாண்டில்தான் பரவின. வில்லின் நிஜப் பயணம் குதிரையில் இரண்டு மூன்று நாள், நடந்தால் நான்கு நாள். ஆதாரமே இல்லாத ஜோக் என்றால் இது ஒன்று. மிட்செல் புலம்பிக் கேட்க வேண்டும், ஆதாரத்தை யார் கேட்டார்கள்.

லண்டன் வீட்டுக்கு வருவோம். கேட் என்ற பெண் கற்பனைப் பாத்திரம். ஜெம்மா வீலன் நடித்திருக்கிறார். லத்தீன் தெரியும், சட்டம் தெரியும், பெண்ணுரிமை பேசுவாள், வில்லின் நாடகங்களை வில்லைவிட நன்றாகப் புரிந்தவள். ஒரே ஆசை மேடையேறி நடிப்பது. அது நடக்காது. இங்கிலாந்தின் தொழில்முறை மேடைகளில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660இல். அதுவரை ஜூலியட்டும் ஆண், கிளியோபாட்ராவும் ஆண். தொடரில் பெண் வேடங்களைக் கட்டுகிற கான்டெல், பெண்மையைப் பெண்ணால் வெளிப்படுத்த முடியாது, அதற்கு ஓர் ஆணின் கலைத்திறன் வேண்டும் என்று தீவிரமாக விளக்குவார். நமக்கு இதில் சிரிப்போடு இன்னொரு நினைப்பும் வரும். பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்ய'னாகவும் 'வெனிஸ் வணிக'னை 'வாணீபுர வணிக'னாகவும் சென்னை மேடைக்குக் கொண்டுவந்தபோது, 1891இல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் நாயகி வேடம் கட்டியதும் ஆண்கள்தான். சி. ரங்கவடிவேலுவின் பெண் வேடம் அவ்வளவு பேர்போனது. ஸ்திரீபார்ட் பரம்பரை தெரிந்த தமிழருக்குக் கான்டெலின் வாதம் புதிதாக இருக்காது.

கேட் கற்பனை, ஆனால் வீட்டுக்காரர் மகள் என்பதற்கு ஒரு நிஜம் இருக்கிறது. அந்த ஆவணம் எனக்குத் தெரிந்த ஷேக்ஸ்பியர் ஆவணங்களிலேயே மிக அருமையானது. 1909இல் சார்ல்ஸ் வாலஸ், ஹுல்டா வாலஸ் என்ற அமெரிக்கத் தம்பதி லண்டன் பொது ஆவணக் காப்பகத்தில் மூட்டை மூட்டையாகப் பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் 1612ஆம் வருஷத்து வழக்கு ஒன்று சிக்கியது. வாதி ஸ்டீபன் பெலாட். பிரதிவாதி அவருடைய மாமனார் கிறிஸ்டோபர் மவுன்ட்ஜாய், பெண்களுக்கான அலங்காரத் தலையணிகள் செய்யும் பிரெஞ்சுக்காரர். சில்வர் தெருவில் அவர் வீட்டில் சுமார் 1604இல் ஷேக்ஸ்பியர் குடியிருந்தார். மவுன்ட்ஜாயின் மகள் மேரி, அவரிடம் வேலை கற்ற பையன் ஸ்டீபன். பையன் தயங்கியபோது, பெண்ணின் அம்மா கேட்டுக்கொண்டதால், குடியிருந்த ஷேக்ஸ்பியர்தான் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். 'ரோமியோ ஜூலியட்' எழுதியவர் கல்யாணத் தரகும் பார்த்திருக்கிறார்!

மாமனார் சொன்ன சீதனத்தைத் தரவில்லை என்று எட்டு வருஷம் கழித்து மாப்பிள்ளை வழக்குப் போட்டார். சாட்சி சொல்ல வந்தவர்களில் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியரும் ஒருவர். பேசும் குரலில் அவர் சொன்னது என்று நம்மிடம் இருப்பது அநேகமாக இந்த வாக்குமூலம் ஒன்றுதான். அதில் அவர் சொல்வது: பையன் நல்ல பையன், சீதனம் தருவதாகப் பேச்சு இருந்தது, எவ்வளவு என்று நினைவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளை எழுதிய ஞாபகம், தொகை என்று வந்ததும் கழன்றுகொண்டது. கீழே அவர் கையெழுத்து. அவருடையதென்று பொதுவாக ஏற்கப்படும் ஆறு கையெழுத்துகளில் இதுவும் ஒன்று. எல்டன் இந்த வழக்கை ஒரு முழு எபிசோடாக எழுதியிருக்கலாம். கிடைத்த தங்கத்தை விட்டுவிட்டாரே என்று எனக்கு ஆதங்கம்.

நாடகக் கொட்டகைக் காட்சிகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வில் கெம்ப் வேடத்தில் வரும் ஸ்பென்சர் ஜோன்ஸ் இன்றைய பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரிக்கி ஜெர்வைஸைப் போலிசெய்கிறார். தானே நகைச்சுவையை மாற்றியமைத்தவன், சுற்றியிருப்பவர்களுக்கு அது புரியவில்லை என்கிற அலட்டல். முதல் இரண்டு எபிசோடுகளில் கச்சிதம், பிறகு தேய்கிறது. நிஜ கெம்ப் இதைவிடச் சுவாரசியமான ஆள். 1599 வாக்கில் குழுவை விட்டுப் போனவர், 1600இல் லண்டனிலிருந்து நார்விச் வரைக்கும் காலில் சலங்கை கட்டி ஒன்பது நாள் ஆடிக்கொண்டே போனார். பிறகு அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். இன்றைக்கு இருந்திருந்தால் தினம் ஒரு வீடியோ போட்டிருப்பார்.

தொடரின் ஓயாத இன்னொரு ஜோக், ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை. யாருமே சிரிப்பதில்லை. கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் இதெல்லாம் உண்மையில் பயங்கரச் சிரிப்பு என்று வில் கெஞ்சுவார். பாட்டம் முகத்தில் ஈயாடாது. கல்லூரியில் ஷேக்ஸ்பியரைப் பாடமாகப் படித்த எவருக்கும் இது உறைக்கும். பக்கத்தில் பாதி மூலம், பாதி அடிக்குறிப்பு. ஜோக் மேலே இருக்கும், சிரிக்க வேண்டிய காரணம் கீழே இருக்கும், கண் இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்குவதற்குள் மணி அடித்துவிடும். 1999இல் வந்த 'பிளாக்கேடர்' குறும்படத்தில் எல்டனும் கர்டிஸும் ஒரு படி மேலே போனார்கள். காலத்தில் பின்னோக்கிப் போகும் பிளாக்கேடர், காலின் ஃபர்த் நடித்த ஷேக்ஸ்பியரைப் பார்த்ததும் முகத்தில் ஒரு குத்து விடுவான். அடுத்த 400 வருஷம் வகுப்பறையில் அவதிப்படப்போகும் பிள்ளைகள் சார்பில் அந்தக் குத்து. அன்று குத்தவைத்த எல்டன் 17 வருஷம் கழித்து அதே ஆளை நாயகனாக்கினார். இரண்டு வருஷம் கழித்து, கென்னத் பிரானா இயக்கி ஷேக்ஸ்பியராக நடித்த 'ஆல் இஸ் ட்ரூ' படத்துக்கும் எழுதினார். 1613இல் ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் அரங்கம் எரிந்தபின் ஊர் திரும்பும் கிழவரின் கதை. அதில் சிரிப்பு குறைவு. செத்துப்போன மகன் கதையெங்கும் இருப்பான்.

அந்த மகன் ஹாம்னெட். ஜூடித்தின் இரட்டை. பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் ஹாம்னெட் சேட்லர், அவர் மனைவி ஜூடித் ஆகியோரின் பெயர்களை இரண்டு குழந்தைகளுக்கும் வைத்திருந்தார்கள். 1596 ஆகஸ்ட் 11 அன்று ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலய அடக்கப் பதிவேட்டில் பையன் பெயர் இருக்கிறது. வயது 11. எதனால் இறந்தான் என்று எழுதவில்லை. அப்பா அன்று ஊரில் இருந்தாரா என்பதற்கும் குறிப்பில்லை. அதே ஆண்டு அக்டோபரில், தாத்தா ஜான் தவமிருந்த குலச்சின்னம் கிடைத்துவிட்டது. 'உரிமையில்லாமல் இல்லை' என்று பொருள்படும் வாசகத்தோடு. சின்னத்தை வழிவழியாகச் சுமக்க வேண்டிய ஒரே ஆண்பிள்ளை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

2018இல் மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடு இந்தச் சாவில் முடிகிறது. பார்வையாளர்களை உட்கார வைத்து, அவர்கள் சிரிப்போடு பதிவு செய்த தொடர் இது. கடைசி நிமிடங்களில் அந்தச் சிரிப்பு இல்லை. வழக்கமான கணப்பு, வழக்கமான இரண்டு பேர். 'கிங் ஜான்' நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த கான்ஸ்டன்ஸ் பேசும் வரிகள் ஒலிக்கின்றன. இல்லாத பிள்ளையின் அறையைத் துயரம் வந்து நிறைக்கிறது, அவன் படுக்கையில் படுத்துக்கொள்கிறது, என்னோடு இங்குமங்கும் நடக்கிறது. அந்த நாடகத்தை ஹாம்னெட் இறப்பதற்கு முன்பே எழுதியிருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. அப்படியானால் மகனை இழந்த தாயின் வார்த்தைகளை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, பின்னால் அதற்குள் போய் விழுந்திருக்கிறார் மனிதர். எல்டன் அந்த வரிகளை மகன் செத்த இரவில் வைக்கிறார். ஆண்டுக் கணக்கு பார்க்கும் புத்தி எனக்கு எப்போதும் உண்டு. அந்த எபிசோடில் மட்டும் அது வாயைத் திறக்கவில்லை.

இதற்குப் பிறகு தொடரை எப்படி நீட்டுவது? எல்டன் மேடைக்குப் போனார். 1605இல் நடக்கிற புதுக்கதை, மிட்செலும் வீலனும் அதே வேடங்களில். 2020 பிப்ரவரியில் லண்டன் கீல்குட் அரங்கில் ஆரம்பித்தது. மார்ச் 16 அன்று கொரோனாவால் லண்டன் அரங்குகள் எல்லாம் மூடின. கொள்ளைநோயால் அரங்குகள் மூடிக் கிடந்த காலத்தில் பிழைப்பு நடத்திய நாடகாசிரியரைப் பற்றிய நாடகம் கொள்ளைநோயால் நின்றுபோனது. 1592இலும் சரி, 1603இலும் சரி, பிளேக் வந்தால் லண்டனில் முதலில் மூடுவது கொட்டகைகளைத்தான். 1603 பிளேக் அந்த நகரத்தில் மட்டும் சுமார் 30,000 பேரைக் கொன்றது. எல்டன் வாய்ப்பை விடவில்லை. அந்த டிசம்பரிலேயே, 1603 ஊரடங்கில் வில்லும் கேட்டும் வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் சிறப்பு எபிசோடு வந்துவிட்டது. மேடை நாடகமும் 2022இல் அப்போலோ அரங்கில் மறுபடி ஏறியது.

பார்க்க நினைக்கிறவர்கள் முதல் சீசனை வரிசையாகப் பாருங்கள், ரோமியோ ஜூலியட்டில் ஆரம்பிக்கும். 2017 கிறிஸ்துமஸ் எபிசோடில் எம்மா தாம்ஸன் எலிசபெத் ராணியாக வருகிறார், அதற்காகவே அதைத் தனியாகப் பார்க்கலாம். அடுத்த வருஷத்துக் கிறிஸ்துமஸில் பிரானா வருகிறார். ஆனால் அது ஹாம்னெட் சாகும் எபிசோடுக்குப் பிறகு ஒளிபரப்பானது. அந்த எபிசோடையும் இதையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்க்காதீர்கள். நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.